கட்டடங்களைப் படமெடுத்து வாழ நினைக்கிறவர்களுக்கு

முதல் தடவை சைட்டுக்குப் போகும்போது கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இந்தத் தொழிலுக்கு வரலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான். ஒரு வீட்டை ஆர்க்கிடெக்ட் மாதக்கணக்கில் யோசித்து வரைந்திருப்பார், கொத்தனாரும் ஆசாரியும் வருடக்கணக்கில் உழைத்திருப்பார்கள்; அங்கே ஒரு மணி நேரம்கூடச் சும்மா நின்று பார்க்காமல் படமெடுக்க ஆரம்பித்தால், நீங்கள் எடுக்கிற எல்லா வீடும் ஒரே மாதிரிதான் வரும்.

அன்றைக்குக் கையில் ஒரு நோட்டும், போனில் திசைகாட்டியும் போதும். வாசல் எந்தத் திசை பார்த்திருக்கிறது, முகப்பில் வெயில் எத்தனை மணிக்கு விழுகிறது, எதிர்வீட்டு நிழல் எப்போது ஏறுகிறது என்று மணியோடு எழுதிக்கொள்ளுங்கள். கிழக்குப் பார்த்த வீட்டுக்குக் காலை, மேற்குப் பார்த்ததற்கு மாலை, சரி. வடக்குப் பார்த்த வீட்டில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை உச்சி வெயில்கூட வடக்குப் பக்கமிருந்துதான் விழும். மார்கழியில் அதே முகப்பு நாள் முழுக்க நிழலில் கிடக்கும். டிசம்பரில் அப்படி ஒரு வேலை வந்தால், வெயில் படம் வேண்டுமானால் மே மாதம் வரை பொறுங்கள், அவசரமென்றால் அந்தியில் எடுத்துத் தருகிறேன் என்று ஆர்க்கிடெக்டிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். ஓரளவு நல்ல கேமரா ஏதாவது போதும், ட்ரைபாட் மட்டும் கனமானதாக, ஆடாததாக இருக்கட்டும். சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளையின் அளவான எஃப் 8 அல்லது 11, எவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருந்தாலும் கட்டடம் எங்கேயும் ஓடிவிடாது. கற்றுக்கொள்ள வேண்டிய பெரிய விஷயம் நேர்க்கோடு. அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடத்துக்கு எதிரே நின்று போனை அண்ணாந்து பிடித்து ஒரு படம் எடுங்கள், கட்டடம் மல்லாந்து விழப்போவது போல வரும். இப்போது போனைச் செங்குத்தாகப் பிடியுங்கள். கோடுகள் நிமிர்ந்துவிடும், ஆனால் மேல் மாடிகள் வெட்டுப்பட்டு, கீழே பாதிப் படம் சாலையாக இருக்கும். கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தக்கூடிய டில்ட்-ஷிப்ட் லென்ஸ் இதற்குத்தான். கேனன், நிகான் இரண்டிலும் 24 மி.மீ. உண்டு. புதிதாக வாங்கினால் லட்சத்துக்கு மேல் ஆகும், அதனால் முதலில் வேலை வரும்போது மட்டும் வாடகைக்கு எடுங்கள்.

உள்ளே எடுப்பது வேறு கதை. காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், ஒரு நாள் முழுக்க நின்றேன். பதினொரு மணிக்கு முற்றத்து வெயில் ஓரத்தில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் (அந்தப் பக்கத்துத் தரை ஓடு) விழுந்ததும், கல்லின் சிவப்பு எகிறி வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் முழுக்க ஏறிவிட்டது. கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது, திரையில் பார்த்தால் சுவருக்குக் காவி அடித்த மாதிரி. என்ன செய்வதென்று நான் தரையையே பார்த்துக்கொண்டு நிற்க, அந்த வீட்டு ஆச்சி, "வேட்டி ஏதும் விரிக்கணுமாப்பா?" என்று கேட்டு, பெட்டியிலிருந்து இரண்டு வெள்ளை வேட்டிகளை எடுத்துக் கொடுத்தார். படத்துக்குள் வராத பக்கம், வெயில் விழுந்த கல்லின் மேல் அவற்றை விரித்தோம், சுவர் வெளுத்துவிட்டது. அன்றிலிருந்து என் பையில் இரண்டு வெள்ளைத் துணி எப்போதும் இருக்கும். அப்புறம், மஞ்சள் பல்பும் வெள்ளை டியூப்லைட்டும் ஒரே அறையில் எரிந்தால் ஏதாவது ஒன்றை அணைத்துவிடுங்கள். சுவிட்ச்போர்டில் தொங்கும் சார்ஜர், மூலையில் விளக்குமாறு, தண்ணீர் கேன், இவற்றை எடுத்து வைக்கவே காலையில் பாதி நேரம் போகும், போகட்டும்.

அந்திக்கு நம் ஊரில் அவகாசம் குறைவு. சூரியன் மறைந்த பிறகு வானமும் வீட்டு விளக்கும் ஒரே அளவு வெளிச்சத்துக்கு வருவது சில நிமிடம்தான், அதற்குள் கோணத்தை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஐந்து மணிக்கே ட்ரைபாடை நிறுத்திவிட்டு, வெவ்வேறு எக்ஸ்போஷரில், அதாவது ஒன்று வெளிச்சமாக, ஒன்று இருட்டாக, எடுத்துக்கொண்டே இருங்கள், பிறகு கம்ப்யூட்டரில் சேர்க்கலாம். கட்டடப் படங்களுக்குப் பேர்போன அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜூலியஸ் ஷுல்மன் 1960-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆர்க்கிடெக்ட் பியர் கோனிக் கட்டிய கண்ணாடி வீட்டை எடுத்தபோது, கீழே நகரத்து விளக்குகள் பதிய ஏறத்தாழ 7 நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்திருந்து, உள்ளே உட்கார்ந்திருந்த பெண்களுக்கு பிளாஷ் அடித்தார். ஒரே பிலிமில் இரண்டு வெளிச்சம்.

ஷுல்மனுக்கு முதல் வேலை கிடைத்த விதமும் உங்களுக்குப் பயன்படும். 1936-இல், பாக்கெட்டில் வைக்கிற ஒரு சின்ன கோடாக் கேமராவால் ஆர்க்கிடெக்ட் ரிச்சர்ட் நியூட்ரா வடிவமைத்த வீட்டை எடுத்தார், படங்கள் நியூட்ராவின் கைக்குப் போய்ச் சேர்ந்தன, பிடித்துப்போய் இன்னும் வேலை கொடுத்தார். உங்கள் ஊரிலும் நல்ல கட்டடம் கட்டியும் நல்ல படம் இல்லாமல் இருக்கிற இளம் ஆர்க்கிடெக்ட் கட்டாயம் இருப்பார். அனுமதி கேட்டு ஒரே ஒரு கட்டடத்தைப் பொறுமையாக எடுத்து, பத்துப் படம் மட்டும் அனுப்புங்கள். நூறு படம் அனுப்பினால் யாரும் பார்க்க மாட்டார்கள். இலவசம் அந்த ஒரு தடவையோடு சரி.

கடைசியாகக் காகிதம். என் ஆரம்ப நாளில் ஒரு ஆர்க்கிடெக்டின் வலைத்தளத்துக்கென்று எடுத்துக் கொடுத்த படம், ஆறு மாதம் கழித்து ஒரு பில்டரின் விளம்பரப் பலகையில் நாற்பதடிக்கு நின்றது. எனக்கு அதில் பைசா வரவில்லை, கேட்கவும் வழியில்லை. ஏனென்றால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-இன்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே வேலைக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: பதிப்புரிமை எனக்கு, இந்தப் படங்களை உங்கள் வலைத்தளத்திலும் போட்டிகளுக்கும் பயன்படுத்தலாம், பில்டரோ டைல்ஸ் கம்பெனியோ கேட்டால் என்னிடம் தனியாக வாங்கட்டும். பாதிப் பணம் முன்பணம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். மழை வந்தால் எந்தத் தேதிக்குத் தள்ளுவது என்பதையும்.