முதல் ஃபுல் மாரத்தான் ஓடப்போகும் அம்மாக்களுக்கு: காலை நாலரையிலிருந்து எட்டு வரை

42.195 கிலோமீட்டர். ஜனவரியில் நடக்கிற சென்னை மாரத்தானில் இதை ஓடி முடிக்க எனக்கு ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது, அதற்கு முன்னால் ஐந்து மாதப் பயிற்சி. இப்போது தெரிந்த பெண்கள் பலர் கேட்கிறார்கள், எந்த ஷூ வாங்கணும், முட்டி தேயாதா, எத்தனை கிலோமீட்டரிலிருந்து ஆரம்பிக்கணும் என்று. எல்லாவற்றுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் கால் எப்படியும் பழகிவிடும். பாதியில் விட்ட அம்மாக்கள் எனக்குத் தெரிந்து எல்லோருமே காலை நாலரையிலிருந்து எட்டு மணி வரை வீட்டில் யார் எதைப் பார்ப்பது என்று முடிவாகாததால்தான் விட்டார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பணம் கட்டிப் பதிவு செய்வதற்கு முன்னால் வீட்டில் பேசுங்கள்

"நான் மாரத்தான் ஓடப்போறேன்" என்று சொன்னால் எல்லோரும் "ஓடும்மா" என்றுதான் சொல்வார்கள், மனசாரத்தான் சொல்வார்கள். மறுநாள் காலையில் பால் பொங்கும்போது அடுப்பு முன்னால் நிற்பது நீங்களாகவே இருப்பீர்கள். எனவே பொதுவாக ஆதரவு கேட்காதீர்கள், வேலையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கணவர், அத்தை (என் மாமியார்), ஒன்பதாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன் எல்லோரையும் உட்காரவைத்து, பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரை நடுவில் வைத்தேன். செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை நான் இருக்கமாட்டேன். செவ்வாயும் வியாழனும் மகனுக்கு டிபன் பாக்ஸ் கட்டி வேன் ஏற்றிவிடுவது கணவர். ராத்திரிப் பாத்திரம் அவரும் மகளும். இட்லிக்கு மாவரைப்பது சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து வெள்ளிக்கு மாறுகிறது, ஏனென்றால் சனிக்கிழமை நான் ஒன்பது மணிக்குப் படுத்தாகவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் எழுதினோம்.

ஒன்றை நான் கற்றுக்கொள்ள மூன்று வாரம் ஆனது. கொடுத்த வேலையில் தலையிடாதீர்கள். முதல் வாரம் மகன் ஊறுகாய்கூட இல்லாமல் வெறும் தயிர்சாதம் எடுத்துப் போனான். நான் ஓடிவிட்டு வந்த வேகத்தில் "ஒரு உருளைக்கிழங்கு வறுக்கக் கூடாதாங்க?" என்று கேட்டேன், அன்றைக்கு முழுக்க வீட்டில் பேச்சே இல்லை. அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. நாலாவது வாரம் அவரே எலுமிச்சை சாதம் கிளற ஆரம்பித்தார்.

அத்தைக்கு வேறு கவலை. "இருட்டுல தனியா எப்படிம்மா போவே? பொம்பளைங்க இவ்ளோ தூரம் ஓடலாமா?" இரண்டும் நியாயமான கேள்வி. இரண்டாவதற்கு மகள் போனில் தேடிப் படித்துக் காட்டினாள்: 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் வரைக்கும் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் போட்டியே வைக்கவில்லை, அந்த முதல் போட்டியை அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடத்தில் ஓடி ஜெயித்தார். அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "அப்போ எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. முதல் கேள்விக்குப் பதில், குழுவோடு ஓடுவது. சென்னை ரன்னர்ஸ் மாதிரி அமைப்புகளுக்கு நகரத்தின் பல பகுதிகளில் குழுக்கள் இருக்கின்றன. போன் எப்போதும் கையில், வீட்டுக்கு லைவ் லொகேஷன் போய்க்கொண்டே இருக்கட்டும். விடியும் முன்பு தனியாக ஓடவேண்டாம், தெருநாய் தொல்லைக்கும் அதுதான் பாதுகாப்பு.

டாக்டர்

ஓட ஆரம்பிக்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச்சத்துச் சேமிப்பு), தைராய்டு, கூடவே பிரஷரும் சர்க்கரையும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை, எனக்கு 9.6 இருந்தது. இரண்டு வருடமாக வயசாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த களைப்பு அத்தனையும் அதுதான். மாத்திரை சாப்பிட்டு ஏறிய பிறகுதான் தூரத்தைக் கூட்டினேன். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு போடாதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிரசவமான பெண்களில் பலருக்கு ஓடும்போது சிறுநீர் கசியும். எனக்கும் கசிந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் ஓடுவது ஆபத்து. இடுப்புத்தளத் தசைகளுக்கென்றே பயிற்சி இருக்கிறது, அதைச் சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட்கள் இருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். குழந்தை பிறந்து மூன்று மாதமாவது ஆகாமல் ஓடவே வேண்டாம், சிசேரியன் என்றால் டாக்டர் சரி சொன்ன பிறகுதான்.

பயிற்சி

நிற்காமல் 10 கிலோமீட்டர் ஓட முடியாதவர்கள் இந்த வருடம் ஃபுல் பக்கம் போகவேண்டாம், 10கே, அப்புறம் ஹாஃப் (21 கிலோமீட்டர்) என்று வாருங்கள். அது முடியும் என்றால் இருபது வாரம் போதும். வாரத்தில் இரண்டு நாள் ஐந்திலிருந்து எட்டு கிலோமீட்டர் ஈஸி ரன், ஞாயிற்றுக்கிழமை லாங் ரன். இரண்டு நாள் இருபது நிமிடம் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), குதிகால் உயர்த்துவது, படி ஏறுவது என்று காலுக்கு வலு சேர்க்கும் பயிற்சி. முட்டி தேயாதா என்று கேட்டீர்களே, முட்டியைக் காப்பாற்றுவது இந்த இருபது நிமிடம்தான். லாங் ரன் 12ல் தொடங்கி வாரம் இரண்டு கிலோமீட்டர் ஏறும், நாலு வாரத்துக்கு ஒருமுறை குறைக்கவேண்டும், மாரத்தானுக்கு மூன்று வாரம் முன்னால் 30 அல்லது 32 தொடுவதோடு சரி. பிறகு டேப்பர், அதாவது தூரத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. முழு 42ஐயும் பயிற்சியில் ஓடிப் பார்க்கத் தேவையில்லை.

வேகம்? பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் லாங் ரன்னுக்கு. ஐந்து நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்தாலும் அது மாரத்தான்தான், நான் அப்படித்தான் முடித்தேன். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்று போனால் 5 மணி 37 நிமிடத்தில் முடியும். பதிவு செய்யும்போதே நேர வரம்பைப் பார்த்து உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெயிலும் மழையும் இந்தத் திட்டத்தில் குறுக்கே வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயவே காயாது, உடம்பு சூடு இறங்காமல் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். கடிகாரத்தைப் பார்த்துக் கவலைப்படாமல் மெதுவாக ஓடுங்கள், நாலரைக்குக் கிளம்பி ஏழுக்குள் நிறுத்திவிடப் பாருங்கள். அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை, தூரம் ஏறுகிற மாதங்களும் அவைதான். தேங்கின தண்ணீருக்குள் ஒருபோதும் கால் வைக்காதீர்கள், கீழே குழியா மூடியில்லாத சாக்கடையா என்று தெரியாது. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் மாதிரி ஊரே தண்ணீரில் நின்றால் ஓட்டத்தை விட்டுவிட்டு வீட்டைப் பாருங்கள். ஒரு வாரம் போனால் எதுவும் குறைந்துவிடாது, விட்டதை அடுத்த வாரம் சேர்த்து ஓடுகிறேன் என்று கிளம்பினால்தான் காலில் அடிபடும்.

மழை விட்டால் மார்கழி. எங்கள் குழு திருவான்மியூரிலிருந்து கிளம்பி அடையாறு பாலம், பட்டினப்பாக்கம், சாந்தோம் வழியாகக் காமராஜர் சாலையில் ஏறி நேப்பியர் பாலம் வரை போய்த் திரும்பும், ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் வரும். கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு, தெளித்த வாசல், பாதி போட்ட கோலம். பாலத்து ஏற்றத்தில் ஆற்றுக் காற்று முகத்தில் அடிக்கும்போது கொஞ்சம் குளிரக்கூடச் செய்யும். ஒரு வீட்டு வாசலில் கோலமாவு அப்பிய விரலோடு ஒரு அம்மா நிமிர்ந்து "எவ்ளோ தூரம்மா?" என்று கேட்டார். "இருபத்தெட்டும்மா" என்றேன். "வீட்ல யாரு பாத்துக்கறா?" என்றார் உடனே. "எல்லாரும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன், அந்தப் பதில் எனக்கு ஒரு கிலோமீட்டருக்குத் தெம்பு கொடுத்தது.

சாப்பாடு, உடுப்பு

முப்பது கிலோமீட்டர் வாக்கில் தசையில் சேர்த்துவைத்த மாவுச்சத்து தீர்ந்துபோய்க் கால் இரும்பாகிவிடும், அதைத்தான் சுவர் என்பார்கள். அதற்காக முதல் மணியிலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகவேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். நான் பேரீச்சம்பழமும் எனர்ஜி ஜெல்லும் (பாக்கெட்டில் வரும் இனிப்புக் கூழ்) மாற்றி மாற்றி எடுத்தேன். கடலை மிட்டாய் வாய் காய்ந்த நேரத்தில் மெல்லவே வரவில்லை, விட்டுவிட்டேன். எதுவானாலும் லாங் ரன்னில் சாப்பிட்டுப் பார்த்து வயிறு ஒத்துக்கொண்டதை மட்டும் மாரத்தான் அன்றைக்கு எடுங்கள். வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும், உயிருக்கேகூட ஆபத்து. தாகத்துக்குத் தகுந்தபடி குடியுங்கள், இடையிடையே பாக்கெட்டில் போட்ட அளவுப்படி கரைத்த ஓஆர்எஸ். முந்தின ராத்திரி ரசம் சாதம், உருளைக்கிழங்கு. காலையில் இரண்டு மணி நேரம் முன்னால் சர்க்கரை தொட்டு இட்லி.

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் விரிந்திருக்கும், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். புது ஷூ, புது சாக்ஸ் எதையும் மாரத்தான் அன்று முதல்முறையாகப் போடாதீர்கள். நான் புது சாக்ஸோடு 24 ஓடி இரண்டு குதிகாலிலும் கொப்புளம் போட்டு ஒரு வாரம் செருப்புகூடப் போட முடியவில்லை. நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்குக் காசு பார்க்கவேண்டாம். பட்டை உரசும் இடம், தொடை, அக்குள் எல்லாம் வாசலின். தாலிச் செயின் பற்றிக் கேட்கத் தயங்குவீர்கள், நானே சொல்கிறேன். வியர்வையோடு மூன்று நாலு மணி நேரம் ஆடினால் கழுத்தை அறுத்துவிடும். நான் டி-ஷர்ட்டுக்குள் விட்டு மேலே பிளாஸ்டர் ஒட்டினேன், என் தோழி கழற்றி சாமி படத்தடியில் வைத்துவிட்டு வருவாள். மாதவிலக்கு அன்றைக்கே வரலாம், எனவே பேடோ கப்போ ஒரு லாங் ரன்னில் பழகிக்கொள்ளுங்கள். தள்ளிப்போடும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

அன்றைக்கு வீட்டார் எங்கே நிற்பது

பிப்பை (சட்டையில் குத்தும் எண் அட்டை) முன்னாடியே எக்ஸ்போவில் (மாரத்தானுக்கு முன்னால் நடக்கும் கண்காட்சி) போய் வாங்கவேண்டும், குழந்தைகளையும் கூட்டிப்போங்கள். வழித்தடம் வருடத்துக்கு வருடம் மாறும், வரைபடம் வந்ததும் எல்லோரும் உட்கார்ந்து இடம் குறியுங்கள். இருட்டில் தொடங்கும் ஓட்டத்துக்குக் கையசைக்க வீட்டோடு வரவேண்டாம், அவர்கள் தூங்கட்டும். அவர்கள் தேவைப்படுவது 28க்கு மேல்தான். சாலைகளை அடைத்திருப்பார்கள், கார் எடுத்தால் மாட்டிக்கொள்ளும். கடற்கரைப் பக்கமாகவே போகும் பறக்கும் ரயில் வசதி: சேப்பாக்கம், கலங்கரை விளக்கம், திருமயிலை, திருவான்மியூர் என்று இறங்கி நடந்துவிடலாம். பையில் காய்ந்த சாக்ஸ், வாசலின், கரைத்த ஓஆர்எஸ், வாழைப்பழம்.

"இன்னும் கொஞ்சம்தான்" என்று மட்டும் சொல்லவேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் பொய் தாங்காது. உண்மையான எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். எனக்கு 33வது கிலோமீட்டரில் தொடை இழுத்துப் பிடித்து நடந்துகொண்டிருந்தேன், நின்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன். தூரத்தில் மகன் ஒரு சார்ட் பேப்பரைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான். அதில் பெரிதாக 9 என்று மட்டும் எழுதியிருந்தது. அத்தை சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார், கணவர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார், யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒன்பதுதானே, செவ்வாய்க்கிழமை ஓடுவதைவிட ஒரு கிலோமீட்டர் கூட, அவ்வளவுதான் என்று தோன்றியது.

முடித்தவுடன் உட்கார்ந்துவிடாதீர்கள், பத்து நிமிடம் நடந்து, ஈர உடுப்பை மாற்றி, உப்பும் இனிப்புமாக ஏதாவது சாப்பிடுங்கள். வலி மாத்திரையை உடனே போடவேண்டாம், சிறுநீரகத்துக்குக் கேடு. இரண்டு நாள் படி இறங்கும்போதுதான் உயிர் போகும். ஒரு வாரம் ஓட்டமே கிடையாது. அந்த வாரத்தில் எல்லோரும் செய்யும் தவறு, இனி பயிற்சி இல்லையே என்று பழைய வேலைகளையெல்லாம் நாமே திரும்ப எடுத்துக்கொள்வது. எடுக்காதீர்கள். எங்கள் வீட்டுக் காலண்டரில் பிப்ரவரியின் செவ்வாய், வியாழன் கட்டங்களில் கணவர் தன் பெயரைத் தானே எழுதிவைத்திருந்தார், பக்கத்தில் சின்னதாக "புதினா சாதம்" என்றும்.