பழைய கேபின் க்ரூஸர் போட் வாங்கினவங்க செய்யக்கூடாத தவறுகள்

கனடாவுல ஒன்டாரியோ ஏரி, ட்ரென்ட் செவர்ன் கால்வாய் பக்கம் சம்மர்ல போனீங்கன்னா ஓடுற கேபின் க்ரூஸர்ல நிறைய 20, 30 வருஷம் பழசா இருக்கும். 24, 25 அடி போட், உள்ள படுக்க இடம், குட்டி கிச்சன், பின்னாடி பெரும்பாலும் மெர்க்ரூஸர் கம்பெனி இன்ஜின், அதோட ஆல்ஃபா ஒன் அவுட்டிரைவ் (போட்டுக்கு வெளிய தொங்கி ப்ரொப்பெல்லரைச் சுத்த வைக்கிற பாகம்). அந்த 5.7 லிட்டர் வி8 இன்ஜினோட பிளாக் ஜெனரல் மோட்டார்ஸ் ட்ரக்ல வந்த அதே குடும்பம்தான், அதனால கார் வேலை கொஞ்சம் தெரிஞ்சவங்க "இதுல என்ன இருக்கு"ன்னு கை வச்சிடறாங்க. பெரிய தப்பெல்லாம் அங்கதான் ஆரம்பிக்குது.

முதல்ல ஸ்டார்ட்டர் விஷயம். பழசு போயிடுச்சு, கார் பார்ட்ஸ் கடைல குறைஞ்ச விலைக்கு அதே மாதிரி ஒண்ணு கிடைக்குது, போல்ட்டும் கரெக்டா உக்காருதுன்னு மாட்டிடாதீங்க. மெரைன் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் உள்ள வர்ற தீப்பொறி வெளிய இருக்கற ஆவியை பத்த வைக்காத மாதிரி செஞ்சது. கார்ல பெட்ரோல் கசிஞ்சா ஆவி கீழ ரோட்டுப் பக்கம் போயிடும், போட்ல அது காத்தை விட கனம்ங்கறதால பில்ஜ்ல, அதாவது போட்டோட அடிப்பள்ளத்துல, இறங்கி அப்படியே தேங்கி நிக்கும், போக வழியே கிடையாது. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி 4 நிமிஷம் ப்ளோயர் (இன்ஜின் இருக்கற இடத்துக் காத்தை வெளிய தள்ளற ஃபேன்) ஓட்டுங்கன்னு டேஷ்போர்டுல ஒட்டியிருக்கறது சும்மா இல்ல, பெட்ரோல் போட்ட உடனே கிளம்பறப்பதான் ஆபத்து அதிகம். ப்ளோயர் சத்தம் கேட்டா மட்டும் பத்தாது, வெளிய காத்து வர்ற துவாரத்துல கைய வச்சு பாருங்க, பழைய போட்ல உள்ள ஹோஸ் கிழிஞ்சு தொங்கிட்டு இருந்தா சத்தம் நல்லா வரும், காத்து வெளிய வராது. அப்புறம் இன்ஜின் மூடியைத் திறந்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை லேசா வந்தாலும் சாவியைத் தொடாதீங்க.

அடுத்தது இம்பெல்லர். ஏரித் தண்ணியை இழுத்து இன்ஜினுக்கு அனுப்பற ரப்பர் சக்கரம், ஆல்ஃபா ஒன்ல அவுட்டிரைவ் கீழ்ப்பாகத்தைக் கழட்டினாதான் கண்ணுலயே படும், அதனாலயே யாரும் பாக்கறதில்ல. வித்தவர் போன வருஷம்தான் மாத்தினேன்னு சொன்னாலும் ரசீது இல்லன்னா நீங்க ஒரு தடவை மாத்திடுங்க. மாத்தறப்ப பண்ற தப்பு என்னன்னா, பழசுல ரெண்டு இதழ் உடைஞ்சு காணாம போயிருக்கும், அதைக் கண்டுக்காம புதுசைப் போட்டு மூடிடுவாங்க, மறுபடியும் சூடேறும், அப்ப தெர்மோஸ்டாட், கேஜ்னு ஒவ்வொண்ணா மாத்தி காசு போகும். அந்த ரப்பர் துண்டு பவர் ஸ்டீயரிங் கூலர்லயோ தெர்மோஸ்டாட் ஹவுசிங்லயோ மாட்டிட்டு தண்ணியை அடைச்சுக்கிட்டு இருக்கும். எத்தனை இதழ் குறையுதுன்னு எண்ணி, அத்தனை துண்டும் கைக்கு வர்ற வரைக்கும் தேடணும். கரையில வச்சு தண்ணி இல்லாம "ஒரே ஒரு செகண்ட்" ஸ்டார்ட் பண்ணி பாக்கறதும் வேண்டாம், இம்பெல்லர் கருகறதே இப்படித்தான்.

போட்டை முழுகடிக்கிற சமாச்சாரம் பெல்லோஸ். அவுட்டிரைவுக்கும் போட்டுக்கும் நடுவுல இருக்கற மடிப்பு மடிப்பான ரப்பர், பெரும்பகுதி தண்ணிக்கு அடியில. டிரைவைத் தூக்கி, ரெண்டு பக்கமும் திருப்பி, டார்ச் அடிச்சு ஒவ்வொரு மடிப்புக்குள்ளயும் பாக்கணும், வெடிப்பு வெளி மேட்டுல தெரியாது, பள்ளத்துலதான் இருக்கும். கியர் கேபிள் போற சின்ன பெல்லோஸ் கிழிஞ்சா தண்ணி நேரா போட்டுக்குள்ளதான். நிறுத்தி வைக்கும்போது டிரைவைத் தூக்கியே வச்சா ரப்பர் இழுத்துக்கிட்டே இருந்து சீக்கிரம் போயிடும், இறக்கி வைங்க.

கியர்ல இருந்து நியூட்ரலுக்கு வர்றப்ப இன்ஜின் நின்னு போகுதுன்னு ஐடிலை (சும்மா நிக்கறப்ப இன்ஜின் ஓடற வேகத்தை) ஏத்தி வைக்கிறவங்க ரொம்ப பேர். ஆல்ஃபா டிரைவ்ல அது பெரும்பாலும் கியர் மாத்தற கீழ் ஷிஃப்ட் கேபிள் இறுகிப் போனதோட அறிகுறி, ஐடில் ஏத்தினா கியர் பல்லுதான் அடி வாங்கும். அதே மாதிரி முழு வேகத்துல இன்ஜின் திணறினா உடனே கார்பரேட்டரைப் பிரிக்காதீங்க, ஃபில்டரைப் பாருங்க, டேங்க் மேல இருக்கற ஆன்ட்டி சைஃபன் வால்வு ஒட்டிக்கிச்சான்னு பாருங்க. அதுக்காக வால்வைக் கழட்டி வீசிடாதீங்க, லைன் உடைஞ்சா டேங்க் பெட்ரோல் பில்ஜுக்கு வராம தடுக்கறதே அதுதான்.

டிரைவ் அரிக்காம தான் அரிஞ்சுக்கற உலோகக் கட்டிதான் ஆனோடு. நல்ல தண்ணிக்கு மக்னீசியம் ஆனோடு, உப்புத் தண்ணிக்கு ஜிங்க், எதுக்கும் மேல பெயின்ட் அடிக்கக்கூடாது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை ஆஃப் பண்ணினா ஆல்டர்னேட்டர் போயிடும். கேபின்ல தூங்கறீங்கன்னா கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம், அதுக்கும் ஆயுசு உண்டு, பழசா இருந்தா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க.

கடைசியா குளிர்காலம். பின்க் ஆன்ட்டிஃப்ரீஸை (குளிர்ல உறையாத திரவம்) பக்கெட்ல வச்சு இன்ஜினை இழுக்க விட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, இன்ஜின் சூடாகி தெர்மோஸ்டாட் திறக்கலன்னா பிளாக்குக்குள்ள அது போகவே போகாது, உள்ள நிக்கற தண்ணி உறைஞ்சு பிளாக் வெடிக்கும். பிளாக்ல ரெண்டு பக்கமும், புகை வெளிய போற மேனிஃபோல்டுலயும் ட்ரெயின் பிளக்கைக் கழட்டி வடிக்கணும். கழட்டியும் தண்ணி வரலன்னா காலின்னு அர்த்தம் இல்ல, துரு அடைச்சிருக்கும், ஒரு கம்பியை விட்டு குத்துங்க, திடீர்னு பழுப்பா பீச்சியடிக்கும். அது முழுசா நின்ன பிறகுதான் ஆன்ட்டிஃப்ரீஸ். சிங்க், டாய்லெட் லைன், வாட்டர் ஹீட்டரையும் அதே நாள்ல வடிச்சிடுங்க.