ஊதி விரியும் உயிர்காப்பு அங்கி: மீன்பிடிக்குத் தானியங்கியா, கையிழுப்பா?

நுரை அடைத்த ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் நான்கு மணி நேரம் வலை இழுத்துப் பார்த்தவருக்கு, அது ஏன் பல படகுகளில் பலகைக்கு அடியிலேயே கிடக்கிறது என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. மார்பை அடைத்துக்கொள்ளும், கையை வீசவிடாது, வியர்வையில் ஊறிக் கழுத்தை அறுக்கும். அந்தச் சங்கடம் இல்லாமல் அணியக்கூடியது ஊதி விரியும் உயிர்காப்பு அங்கி. மடித்த நிலையில் அது தோளில் துண்டு போட்டதுபோல் மெல்லிய பட்டையாகக் கிடக்கும். நீரில் விழுந்தபின், உள்ளே இருக்கும் சிறு சிலிண்டரிலிருந்து கரியமில வாயு பாய்ந்து சில நொடிகளில் உப்பிவிடும். அது தானாக உப்ப வேண்டுமா, கயிற்றை இழுத்தால் உப்ப வேண்டுமா என்பதை வாங்குகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டும். விலையை மட்டும் பார்த்து இதை முடிவு செய்துவிடக் கூடாது. எந்தக் கடலில், எந்தப் படகில், எவ்வளவு நனைந்துகொண்டு தொழில் செய்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

இரண்டு வகைகளும் உள்ளே எப்படி இயங்குகின்றன என்பதை அறிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். கையிழுப்பு வகையில், அங்கியின் கீழ் விளிம்பில் தொங்கும் கைப்பிடியை வேகமாகக் கீழ்நோக்கி இழுத்தவுடன் ஒரு நெம்புகோல் ஊசியைத் தள்ளி, சிலிண்டரின் வாயைத் துளைக்கிறது. தானியங்கி வகையில் அந்த ஊசிக்குப் பின்னால் இறுக்கி வைத்த ஒரு சுருள்வில் இருக்கும். நீரில் கரையக்கூடிய உப்பு வில்லையோ காகித வில்லையோ அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும். நீர் பட்டு வில்லை கரைந்ததும் வில் விடுபட்டு ஊசியைச் செலுத்திவிடும். மூன்றாவதாக, நீரழுத்தத்தால் இயங்கும் தானியங்கி ஒன்றும் உண்டு. அது ஈரத்தைப் பொருட்படுத்தாது. அதன் உணரி சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மூழ்கினால்தான் இயங்கும். கடைக்காரர்கள் சொல்ல மறந்துவிடும் ஒரு செய்தி உண்டு: தானியங்கி அங்கிகளிலும் கையால் இழுக்கும் கைப்பிடி இருக்கிறது, வாயால் ஊதும் குழாயும் இருக்கிறது. ஆகவே கையிழுப்பு அங்கியோடு தானாக உப்பும் வசதியையும் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பதே உண்மையான கேள்வி.

அந்த வசதி எப்போது உயிரைக் காக்கும் என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். விழுந்தவரின் கைகள் வேலை செய்யாத நேரத்தில்தான் அது தேவைப்படுகிறது. அவுட்போர்டு எஞ்சின் படகு சட்டென்று திரும்பும்போது தூக்கியெறியப்பட்டுத் தலை படகின் விளிம்பில் மோதுவதும், நெஞ்சுவலியால் சரிந்து விழுவதும், இரவில் சிறுநீர் கழிக்க விளிம்பில் நின்றவர் தூக்கக் கலக்கத்தில் தடுமாறி விழுவதும் மீன்பிடிப் படகுகளில் நிகழக்கூடியவையே. நினைவிழந்தவரால் எந்தக் கயிற்றையும் இழுக்க முடியாது. கனடாவிலோ பிரிட்டனிலோ நார்வேயிலோ ஏரியிலும் கடலிலும் தூண்டில் போடும் நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் குளிர். 15 டிகிரி செல்சியசுக்குக் கீழான நீரில் விழுந்த முதல் ஒரு நிமிடத்துக்கு மூச்சு கட்டுப்பாடின்றி வாங்கும். அடுத்த சில நிமிடங்களில் விரல்கள் மரத்துப்போய்க் கைப்பிடியைப் பற்றும் வலுவையே இழந்துவிடும். அங்கே குளிர்காலத்தில் கையிழுப்பு அங்கியை நம்பிப் போகக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. நம் கரையோரக் கடலோ ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருப்பதால், நினைவோடு விழுந்த ஒருவர் கைப்பிடியைத் தேடிப் பிடித்து இழுக்க நேரம் கிடைக்கும். தனியாகக் கடலுக்குப் போகிறவர்களுக்கும் இரவுத் தொழில் செய்கிறவர்களுக்கும் மட்டும், எந்தக் கடலாக இருந்தாலும், தானியங்கியையே பரிந்துரைப்பேன். அவர்கள் விழுந்ததைக் காண யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுத்ததாகக் கேட்டுக்கொள்ள வேண்டியது, நீரில் விழாமலேயே எவ்வளவு நனைகிறோம் என்பது. நம் கரையில் இதுதான் முடிவைத் தீர்மானிக்கும். துறைமுகமோ தூண்டில் வளைவோ (அலையைத் தடுக்கக் கடலுக்குள் கட்டும் கல் சுவர்) இல்லாத திறந்த கடற்கரையிலிருந்து ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் இடுப்பளவு நீரில் நின்றே தொழிலைத் தொடங்குகிறார்கள். கரையலையைத் தாண்டும்போது அணியத்தின் (படகின் முன்முனை) மேலேறி வரும் தண்ணீர் எல்லார் மீதும் கொட்டுகிறது. உப்பு வில்லை வைத்த சாதாரணத் தானியங்கி அங்கி இந்த இடத்தில் காரணமே இல்லாமல் உப்பிவிடக் கூடும். முதல் நாளே அப்படி நடந்து, புதுச் சிலிண்டருக்கும் வில்லைக்கும் பணம் செலவழித்த ஒருவர், மறுநாள் அந்த அங்கியை வீட்டில் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் கடலுக்குப் போவார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கரையலையைத் தாண்டுகிற படகுகளுக்கு நீரழுத்தத் தானியங்கியோ, அதன் விலை கட்டுப்படியாகாவிட்டால் நல்ல கையிழுப்பு அங்கியோதான் பொருந்தும். பாக் நீரிணை போன்ற அலை குறைந்த கடலிலும், அணை நீர்த்தேக்கங்களிலும், உயர்ந்த விளிம்புள்ள படகுகளிலும் வில்லைத் தானியங்கி சிக்கலின்றிப் பயன்படும். மழைக்காலத்தில் மட்டும் அதன் வில்லை ஈரம் கோக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டுமரத்தில் போகிறவர்களுக்கும், அலைவாய்க்கரையில் படகு கவிழும் ஆபத்து மிகுந்த இடங்களில் தொழில் செய்கிறவர்களுக்கும் இரண்டு வகையுமே சரிவராது. ஓயாமல் நனைந்தபடி, அடுத்தடுத்து வரும் அலைகளில் உருளும்போது, எதையும் இழுக்காமல், எதற்கும் காத்திராமல் மிதக்க வைப்பது நுரை அங்கிதான். பாறையில் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்கும் அதுவே நல்லது. பாறையின் கூர்முனையிலும் சிப்பியிலும் உரசினால் காற்றுப்பை கிழிந்துவிடும், நுரையோ கிழிந்தாலும் மிதக்கும். பாறை மீன்பிடிப்பில் இறப்புகள் மிகுந்ததால், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2016-ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் உயிர்காப்பு அங்கி இல்லாமல் பாறையில் நின்று மீன் பிடிக்க முடியாது. நீச்சல் தெரியாதவர்களுக்கும் சிறுவர்களுக்கும் நுரை அங்கியையே வாங்குங்கள். அமெரிக்காவில் விற்கப்படும் ஊதல் அங்கிகளில் பெரும்பாலானவற்றில் 16 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்றே அச்சிட்டிருக்கும்.

மூடிய அறை உள்ள விசைப்படகுகளில் தானியங்கிக்கு எதிரான ஒரு காரணம் இருக்கிறது. அறைக்குள் இருக்கும்போது படகு கவிழ்ந்தால், தானாக உப்பிய அங்கி உள்ளே இருப்பவரைக் கூரையோடு சேர்த்து அழுத்திவிடும். வாசல் வழியாக மூழ்கி வெளியேற அவரால் முடியாது. தளத்தில் வேலை செய்கிறவருக்குத் தானியங்கியும், சுக்கான் பிடித்து அறைக்குள்ளேயே நிற்பவருக்குக் கையிழுப்பும் என்று பிரித்து வைத்துக்கொள்வது நியாயமான ஏற்பாடு. அதேபோல, தொங்கும் கைப்பிடி வலைக் கண்ணியிலோ தூண்டில் முள்ளிலோ மாட்டினால் எந்த வகையாக இருந்தாலும் அங்கி உப்பிவிடும். கைப்பிடியை மடிப்புக்குள் அரைவாசி செருகி, நுனி மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டால் இது குறையும்; ஆனால் நுனியும் மறையும்படி உள்ளே தள்ளிவிட்டால் நீரில் அதைத் தேடிப் பிடிக்க முடியாது. தூண்டில் முள்ளும் கத்தியும் கெளுத்தி முள்ளும் திருக்கை முள்ளும் புழங்கும் இடத்தில் வெளியுறை தடித்த துணியாக உள்ள அங்கியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை சில. ஐஎஸ்ஓ 12402 என்ற தர எண்ணும், 150 நியூட்டன் என்ற மிதவைத் திறனும் அங்கியில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். 10 நியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும் திறன் என்று வைத்துக்கொள்ளலாம். 50 நியூட்டன் அங்கி, நீந்தத் தெரிந்தவருக்குக் கரையருகில் துணை நிற்கும் அளவுதான். 150 நியூட்டன் அங்கி நினைவிழந்தவரைப் பெரும்பாலும் மல்லாக்கத் திருப்பி, வாயை நீருக்கு மேல் நிறுத்தும். 150 நியூட்டன் அங்கிகளில் பொதுவாக 33 கிராம் வாயு அடைத்த சிலிண்டர் இருக்கும். வாயால் மட்டுமே ஊதக்கூடிய, முக்குளிப்பவர்களுக்கான மெல்லிய அங்கிகளும் இணையத்தில் இதே பெயரில் விற்கப்படுகின்றன. அவை இந்த வேலைக்கு உதவாதவை. இடுப்புப் பையில் மடித்து வைக்கும் கையிழுப்பு வகையும் உண்டு. ஊதியபின் அதைத் தலைவழியாக மாட்ட வேண்டும் என்பதால், அலையடிக்கும் கடலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விலை கேட்பதற்கு முன் மறுநிரப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். ஒருமுறை துளைத்த சிலிண்டர் மீண்டும் பயன்படாது, வில்லையும் அப்படித்தான். அந்த அங்கிக்கு உரிய சிலிண்டரும் வில்லையும் உங்கள் ஊரிலோ, குறைந்தது அருகிலுள்ள துறைமுக நகரத்திலோ கிடைக்காவிட்டால், எவ்வளவு நல்ல தானியங்கியும் ஒரு முறைப் பொருளாகிவிடும். சிலிண்டர் மட்டும் தேவைப்படும் கையிழுப்பு அங்கிக்கு இந்தத் தொல்லை குறைவு. தானியங்கி வாங்குகிறவர்கள் அங்கியோடு இரண்டு மறுநிரப்புத் தொகுப்புகளையும் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது.

அணியும் முறையிலும் தவறு நேர்வதுண்டு. ஊதல் அங்கியை மழைக்கோட்டுக்கு மேல்தான் போட வேண்டும். உள்ளே போட்டால் அது உப்பும்போது மார்பை நெரித்துவிடும். இடுப்புப் பட்டைக்கும் உடலுக்கும் இடையே மூடிய கைமுட்டி ஒன்று நுழையும் அளவுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கால்களுக்கிடையே போகும் பட்டையைப் பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் உப்பிய அங்கி மேலேறி முகத்தை மூடும், ஆள் கீழே நழுவுவார். புதிதாக வாங்கியவர் ஒரு சிலிண்டரைச் செலவழித்தாலும் பரவாயில்லை, கழுத்தளவு நீரில் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு ஒருமுறை உண்மையாகவே உப்பச் செய்து பார்க்க வேண்டும். அந்தச் சத்தத்தையும், கழுத்தை இறுக்கும் அழுத்தத்தையும் முன்பே அறிந்தவர் நடுக்கடலில் பதற மாட்டார்.

பராமரிப்பு கடினமானதன்று, ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சிலிண்டரைத் துளைக்கும் இயக்கியில் பச்சைக் குறி தெரிகிறதா என்று பாருங்கள். சிவப்புத் தெரிந்தால் அந்த அங்கி இயங்காது. மாதம் ஒருமுறை சிலிண்டரைக் கழற்றித் துருவைப் பார்த்து, சமையலறைத் தராசில் எடை போட்டு, அதன் மேல் பொறித்திருக்கும் குறைந்தபட்ச எடையோடு ஒப்பிட வேண்டும். மீண்டும் மாட்டும்போது கையால் இறுக்கமாகத் திருக வேண்டும், ஏனெனில் தளர்ந்த சிலிண்டரை ஊசி எட்டாது. வில்லையின் மேல் அச்சிட்ட தேதி கடந்துவிட்டால் மாற்றியாக வேண்டும்; நம் கடற்கரை ஈரப்பதத்தில் ஆண்டுக்கொருமுறை மாற்றுவதே எனக்கு நிம்மதி தரும். நீரழுத்த வகையின் இயக்கியைப் பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆண்டுக்கு இருமுறை வாயால் ஊதி ஒரு நாள் முழுவதும் வைத்து, காற்று இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தியக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் இதற்கெல்லாம் ஏற்ற காலம். உப்பைப் போக்க நல்ல தண்ணீரில் கழுவும்போது தானியங்கியின் வில்லையை முதலில் கழற்றிவிட்டு, நிழலில் தொங்கவிட்டு நன்கு உலர்ந்தபின் மாட்ட வேண்டும்.

நீரில் விழுந்தபின் செய்ய வேண்டியதைப் படகிலுள்ள ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். தானியங்கி ஐந்து நொடிகளுக்குள் உப்பாவிட்டால், காத்திராமல் கைப்பிடியை இழுக்க வேண்டும். அதிலும் உப்பாவிட்டால் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கும் ஊது குழாயைப் பிடித்து வாயால் ஊத வேண்டும். முன்கூட்டியே வாயால் ஊதி வைத்துவிட்டுப் பிறகு சிலிண்டரைத் திறக்கக் கூடாது. அழுத்தம் மிகுந்து பை வெடிக்கலாம். கைப்பிடி எந்தப் பக்கம், குழாய் எந்தப் பக்கம் என்பது அங்கிக்கு அங்கி மாறும் என்பதால், கரையிலேயே கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் தடவி எடுத்துப் பார்த்த பிறகே படகில் ஏறுங்கள்.