ஷட்டில் கிளப் லேடரில் ஏறுவது எப்படி? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

எங்கள் ஷட்டில் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது ஒன்றுதான்: "அந்தப் பலகை என்ன, அதில் என் பெயர் எப்போது வரும்?" செருப்பு கழற்றும் இடத்துக்கு மேலே ஒரு மரப்பலகை இருக்கிறது. மேலிருந்து கீழாக 24 ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு பெயர்த்தகடு. அதுதான் லேடர். நான்கு வருடமாக அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இதுவரை ஒவ்வொருவரிடமும் கோர்ட் ஓரத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். ஸ்குவாஷ், டென்னிஸ், டேபிள் டென்னிஸ் என்று எந்த ஆட்டத்துக்கும் கிளப் லேடர் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும், படிக்கணக்கும் நாள்கணக்கும் மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

லேடரில் புள்ளி கிடையாது, சராசரி கிடையாது. உங்களுக்கு மேலே இருப்பவரை ஆடக் கூப்பிடுகிறீர்கள், ஜெயித்தால் அவர் இடம் உங்களுக்கு, தோற்றால் இருந்த இடத்திலேயே இருக்கிறீர்கள். இந்தக் கடைசிப் பாதியைத்தான் பாதிப்பேர் மனதில் வாங்குவதில்லை. சேலஞ்ச் செய்து தோற்றால் ஒரு படிகூட இறங்காது. பயந்துகொண்டு மாதக்கணக்கில் யாரையும் கூப்பிடாமல் இருந்தவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்: கீழே இருந்து கூப்பிடுகிறவருக்கு இழக்க ஒன்றுமில்லை, மேலே இருப்பவருக்குத்தான் இடம் போகும் பயம், அந்தப் பயத்தோடு அவர் ஆடுவதே உங்களுக்குப் பாதி பலம்.

எத்தனை படி மேலே கூப்பிடலாம்? எங்களிடம் மூன்று. 12ஆம் இடத்தில் இருப்பவர் 11, 10, 9 இந்த மூவரில் ஒருவரைக் கூப்பிடலாம், 8ஐக் கூப்பிட முடியாது. வரம்பு வைக்காவிட்டால் எல்லோரும் முதலிடத்தில் இருப்பவரைத்தான் கூப்பிடுவார்கள், அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது, நடுவில் இருப்பவர்களுக்கு ஆட்டமே கிடைக்காது. மூன்று படி என்பது கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24ஆம் இடத்தில் இருப்பவர் தொடர்ந்து எட்டு ஆட்டம் ஜெயித்தால், நடுவில் யாரும் அவரைத் தாண்டாத வரை, முதலிடத்துக்கே வந்துவிடலாம். நல்ல ஆட்டக்காரர் யாரும் கீழே மாட்டிக்கொண்டு கிடக்க மாட்டார்.

அடுத்தது, ஜெயித்த பிறகு இடம் எப்படி மாறுகிறது. கிளப்பில் அதிகச் சண்டை வந்தது இதில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 12ஆம் இடத்துக்காரர் 9ஆம் இடத்துக்காரரை ஜெயித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைப்படி இருவரும் இடம் மாற்றிக்கொள்வார்கள்: ஜெயித்தவர் 9க்குப் போவார், தோற்றவர் 12க்கு இறங்குவார், நடுவில் இருக்கும் இருவருக்கும் ஒன்றும் ஆகாது. இன்னொரு முறைப்படி ஜெயித்தவர் 9இல் நுழைவார், தோற்றவர் 10க்குத் தள்ளப்படுவார், 10இல் இருந்தவர் 11க்கும் 11இல் இருந்தவர் 12க்கும் ஒவ்வொரு படி இறங்குவார்கள்.

முதலில் எங்களிடம் இருந்தது இடம் மாற்றிக்கொள்ளும் முறைதான். பார்க்க நியாயமாகத் தெரிந்தது. ஆனால் ஒரே தோல்வியில் மூன்று படி போய்விடும் என்பதால் மேலே இருந்தவர்கள் ஆட்டத்தைத் தள்ளிப்போட ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு முட்டிவலி, ஒருவருக்கு ஊரில் விசேஷம், இன்னொருவருக்கு ராக்கெட்டில் நரம்பு அறுந்துவிட்டது. நான் பொறுப்புக்கு வந்த இரண்டாம் வருடம் தள்ளும் முறைக்கு மாற்றினோம். தோற்றால் ஒரு படிதான் என்றதும் கூப்பிட்டவுடன் வர ஆரம்பித்தார்கள். புகார் வேறு பக்கமிருந்து வந்தது: "நான் ஆடவே இல்லையே, எனக்கு ஏன் ஒரு படி இறங்கியது?" நியாயமான கேள்விதான். என் பதில் இது: உங்களுக்கு மேலே இருந்தவரை ஒருவர் ஜெயித்திருக்கிறார், அதனால் அவர் உங்களுக்கு மேலே வந்திருக்கிறார், அவரைவிட நீங்கள் நன்றாக ஆடுவீர்கள் என்றால் இன்றைக்கே கூப்பிடுங்கள். அதோடு இந்த முறையில் சும்மா இருப்பவர் தானாகவே கீழே போய்க்கொண்டிருப்பார், யாரும் தண்டனை கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு இதுதான் சரியான முறை என்று படுகிறது, இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

சரி, சேலஞ்ச் செய்வது எப்படி? வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் பார்க்கிற மாதிரி போட வேண்டும். தனியாக அவருக்கு மட்டும் அனுப்பினால் கணக்கில் வராது, பிறகு "நீ கூப்பிடவே இல்லை", "நான் கூப்பிட்டேன்" என்று பேச்சு வளரும். உங்கள் இடம், அவர் இடம், உங்களுக்கு ஒத்துவரும் மூன்று நேரம், இவ்வளவு போதும். இரண்டு நாளுக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும், பத்து நாளுக்குள் ஆடி முடிக்க வேண்டும். மூன்று நேரம் கொடுத்தும் அவர் எதற்கும் வராவிட்டால் வாக்ஓவர், இடம் உங்களுக்கு. நீங்கள் கூப்பிட்டுவிட்டு நீங்களே வராவிட்டால் ஒரு மாதத்துக்கு யாரையும் கூப்பிட முடியாது. ஒரே நேரத்தில் ஒரு சேலஞ்ச்தான் நிலுவையில் இருக்கலாம். தோற்றால் அதே ஆளை இரண்டு வாரத்துக்குத் திரும்பக் கூப்பிடக் கூடாது, வேறு ஆளைக் கூப்பிடலாம்.

நேரத்தைச் சும்மா கொடுக்காதீர்கள். இறகு ஷட்டில் வெயில் நேரத்தில் வேகமாகவும் தூரமாகவும் போகும், காலை ஐந்தரை மணிக்கு அதே அடி கொஞ்சம் முன்னாலேயே விழும். ஸ்மாஷ் அடித்து முடிக்கிறவர்களுக்கு மதியம் வசதி, ஓடி ஓடி எடுத்துப் போடுகிறவர்களுக்கு விடியற்காலை வசதி. நைலானா இறகா என்பதையும் ஆட்டத்துக்கு முந்தைய நாளே பேசி முடித்துவிடுங்கள், கோர்ட்டில் நின்று பேசினால் மனசு கெட்டுவிடும். ஷட்டில் செலவு இருவருக்கும் பாதிப் பாதி.

ஆட்டம் வழக்கமானதுதான்: மூன்று கேமில் இரண்டு, 21 புள்ளி. 20க்கு 20 ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும், 29க்கு 29 வரை போனால் 30ஆவது புள்ளியை எடுப்பவருக்கு கேம். ஒருவர் 11 புள்ளிக்கு வந்ததும் ஒரு நிமிட ஓய்வு, ஒரு கேமுக்கும் அடுத்த கேமுக்கும் நடுவில் இரண்டு நிமிடம், மூன்றாவது கேமில் 11க்கு வந்ததும் பக்கம் மாறுவது, இதெல்லாம் போட்டிகளில் உள்ளபடியே. அம்பயர் கிடையாது. கோட்டில் விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதை அந்தப் பக்கம் ஆடுகிறவர் சொல்வதுதான் முடிவு, அவருக்கே சந்தேகம் என்றால் அந்தப் புள்ளியைத் திரும்ப ஆட வேண்டும். ஸ்கோரை ஆடி முடித்த அன்றே இருவரில் ஒருவர் குரூப்பில் போட்டுவிட வேண்டும், மற்றவர் சரி என்று பதில் போட்டதும் நான் தகடுகளை மாற்றுவேன்.

யாரைக் கூப்பிடுவது என்று பலர் என்னிடம் யோசனை கேட்பார்கள். பொதுவாக அடுத்த படியில் இருப்பவரைத்தான் கூப்பிடுகிறார்கள், பாதுகாப்பு என்று நினைத்து. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அடுத்த படிக்காரரைப் பத்து ஆட்டத்தில் ஆறு தடவை ஜெயிப்பீர்கள் என்று வையுங்கள், மொத்தம் ஆறு படி. மூன்று படி மேலே இருப்பவரைப் பத்தில் மூன்று தடவை மட்டுமே ஜெயித்தாலும் ஒன்பது படி. தோற்ற ஏழு ஆட்டத்துக்கும் நஷ்டம் இல்லை, அதோடு உங்களைவிடப் பெரிய ஆட்டக்காரரோடு ஏழு தடவை ஆடியிருக்கிறீர்கள்.

இருந்தாலும் நம்பரை மட்டும் பார்த்துக் கூப்பிடாதீர்கள், ஆட்டத்தைப் பாருங்கள். போன வருடம் 14ஆம் இடத்தில் 58 வயது, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் இருந்தார். 11இல் கல்லூரிப் பையன், ஸ்மாஷ் அடித்தால் சுவர் அதிரும். யாரும் அவனைக் கூப்பிடத் துணியவில்லை. இவர் இரண்டு வாரம் பெஞ்சில் உட்கார்ந்து அவன் ஆடுவதைப் பார்த்தார். பேக்ஹேண்ட் பக்கம் பின்மூலைக்குப் போட்டால் அவன் திரும்பி வர நேரமாகிறது, உடனே நெட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக விட்டால் எட்டவில்லை. அவ்வளவுதான் அவருடைய திட்டம். முதல் கேம் 15-21 போனது. இரண்டாவது 21-19. மூன்றாவதில் பையனுக்கு இடுப்பில் கைவைத்து நிற்க வேண்டிய நிலை, 21-16. அன்று தகட்டை மாற்ற என்னை விடவில்லை. வேர்த்த கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு தன் தகட்டை அவரே எடுத்து 11ஆம் ஆணியில் மாட்டினார். பையன் பக்கத்தில் நின்று மற்ற மூன்றையும் ஒவ்வொரு ஆணி கீழே இறக்கிக் கொடுத்தான். மூன்று வாரம் கழித்து அவரையே கூப்பிட்டு ஜெயித்து இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான், இப்போது அவனுடைய பேக்ஹேண்ட் வேறு மாதிரி இருக்கிறது.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். லேடர் வரிசையைத்தான் காட்டும், இடைவெளியைக் காட்டாது. எங்கள் பலகையில் 1க்கும் 2க்கும் நடுவே பெரிய பள்ளம், 7லிருந்து 11 வரை இருப்பவர்கள் எந்த நாளும் யாரும் யாரையும் ஜெயிக்கலாம். செஸ்ஸில் உள்ள ஈலோ ரேட்டிங் அப்படியல்ல. ஆர்பாட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் உருவாக்கி, உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் எடுத்துக்கொண்ட முறை அது. ரேட்டிங்கில் 200 வித்தியாசம் என்றால் மேலே இருப்பவருக்கு நான்கு ஆட்டத்துக்கு மூன்று புள்ளி கிடைக்கும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஷட்டிலின் உலகத் தரவரிசை வேறு, கடந்த 52 வாரத்தில் ஆடிய போட்டிகளில் சிறந்த பத்தின் புள்ளியைக் கூட்டுவார்கள். இதையெல்லாம் கிளப்பிலும் கொண்டுவரலாமே என்று சிலர் கேட்டார்கள். 24 பேருக்கு ஒரு பலகையும் ஆணியும் போதும், உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போதே யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது.

அடிபட்டால் உடனே சொல்லுங்கள். நான்கு வாரத்துக்கு உங்கள் இடத்தை நிறுத்தி வைப்போம், யாரும் கூப்பிட முடியாது, தள்ளவும் மாட்டோம். அதற்கு மேல் ஆனால் லேடரிலிருந்து எடுத்துவிட்டு, திரும்பி வரும்போது பழைய இடத்துக்கு மூன்று படி கீழே சேர்ப்போம். வலியோடு ஆடி இடத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், முட்டி போனால் திரும்ப வராது.

புதியவர்கள் வழக்கமாகக் கடைசி ஆணியில்தான் ஆரம்பிக்க வேண்டும். மாவட்ட அளவில் ஆடியவர் என்றால் முதலில் 18ஆம் இடத்துக்காரரோடும், ஜெயித்தால் 12ஆம் இடத்துக்காரரோடும் ஒவ்வொரு ஆட்டம் வைப்போம், எங்கே ஜெயிக்கிறீர்களோ அதற்கு அடுத்த கீழ்ப்படியில் உங்கள் இடம். சேர விருப்பம் என்றால் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். தகடு வெட்டி வர ஒரு வாரம் ஆகும், அதுவரை அட்டையில் எழுதி மாட்டிவிடுகிறேன். அட்டை மாட்டிய அன்றிலிருந்தே நீங்கள் சேலஞ்ச் செய்யலாம்.