பழைய புதிர் சாகச விளையாட்டுகளை மீண்டும் விளையாடுவது எப்படி?

1990-இல் வெளிவந்த ‘மங்கி ஐலண்ட்’ போன்ற விளையாட்டுகளை இன்றைய கணினியில் இயக்க, ஸ்கம்விஎம் (ScummVM) என்னும் இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். அதில் விளையாட்டு அடங்கியிருக்காது என்பதால், உங்களிடமுள்ள பழைய வட்டிலிருந்தோ முறையாக வாங்கிய பிரதியிலிருந்தோ தரவுக் கோப்புகளை ஒரு கோப்புறையில் நகலெடுத்து, அந்தக் கோப்புறையை மென்பொருளில் சேர்க்க வேண்டும். அக்காலப் படங்கள் 320×200 புள்ளிகளில் வரையப்பட்டு, 4:3 திரையில் செங்குத்தாகச் சற்று நீண்டு தெரிந்தவை. ஆகவே மென்பொருளின் அமைப்புகளில் அகல-உயர விகிதத் திருத்தத்தைத் (aspect ratio correction) தேர்ந்தெடுக்காவிட்டால் முகங்கள் சப்பையாகத் தெரியும்.

துப்புகளைக் குறித்துக்கொள்ள அருகில் ஒரு நோட்டும் பேனாவும் அவசியம் (1993-இல் வந்த ‘மிஸ்ட்’ என்னும் புதிர் விளையாட்டின் பெட்டியிலேயே எழுதாத குறிப்பேடு ஒன்றை வைத்துத் தந்தார்கள்). எங்காவது சிக்கிக்கொண்டால், விடையைத் தேடி ஓடாமல், கையிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக மறுபடி பயன்படுத்திப் பாருங்கள்.