டாப் பாக்ஸில் பலாப்பழம் ஏற்றியவன் சொல்கிறேன்: பைக் பயணத்துக்குப் பெட்டியும் பையும் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஆத்தங்குடியில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கோயம்புத்தூர் நம்பர் போட்ட ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக் ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். பக்கத்துப் பட்டறையில் வாங்கிய ஆத்தங்குடிக் கற்களைப் பேப்பரில் சுற்றி, பின்னால் இருந்த அலுமினிய டாப் பாக்ஸுக்குள் ஒவ்வொன்றாகச் செருகி வைத்துக்கொண்டிருந்தார். பத்துக் கல். எட்டு அங்குலச் சதுரம், இரண்டு சென்டிமீட்டர் கனம், முழுக்க சிமென்ட். ஒரு கல் கிட்டத்தட்ட இரண்டு கிலோ வரும்.

"ஒரு ஃபோட்டோ எடுத்துத் தர்றீங்களாங்ணா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதோடு வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அவரிடம் டீ ஆறும்வரை சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஜிப்பை மூட மறப்பது, பெட்டியைப் பூட்டாமல் கிளம்புவது மாதிரி விஷயங்களை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகப் புரியும்.

எடையைப் பின் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிடுவது

இதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். மற்றவர்கள் மேல் இல்லை, என் மேல்தான்.

2018-இல் நான் வாங்கிய டாப் பாக்ஸ் 55 லிட்டர். ஏன் 55? கடையில் இருந்ததிலேயே அதுதான் பெரிது. வெறும் பெட்டியே ஐந்து கிலோ. அதை மாட்ட ஒரு கேரியர் வேண்டுமே, கம்பெனி கேரியர் விலை அதிகம் என்று உள்ளூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் 1,800 ரூபாய்க்கு அடித்து வாங்கினேன். பட்டறைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். "எவ்வளவு வெயிட் தாங்கணும்?" என்று அவர் கேட்டார். "என்ன, ரெண்டு சட்டை, ஒரு மழைக்கோட்டு" என்று சொன்னவன் நான்.

அந்தப் பெட்டியோடு கொல்லிமலை போனேன். 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போதே ஒவ்வொரு வளைவிலும் வண்டி நான் நினைத்ததைவிட அகலமாகத் திரும்பியது. ஹேண்டில் பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. புது டயர் பழகவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மேலே போனதும் பலாப்பழ வாசம் இழுத்தது. ஒன்பது கிலோப் பழம் ஒன்று, தேன் இரண்டு பாட்டில், கொஞ்சம் மிளகு. பெட்டியில் இடம் இருந்தது, வைத்தேன். பெரிய பெட்டியின் குணமே அதுதான். இடம் இருந்தால் கை சும்மா இருக்காது.

திருச்சி தாண்டிப் புதுக்கோட்டை ரோட்டில் 85-ஐத் தொட்டதும் வண்டியின் பின்பக்கம் மெதுவாக இடம் வலம் ஆட ஆரம்பித்தது. வேகத்தைக் குறைத்தால் நின்றது, ஏற்றினால் மறுபடி ஆடியது. கீரனூர் பக்கம் ஒரு வேகத்தடையில் கொஞ்சம் வேகமாக ஏறி இறங்கினேன். 'டங்' என்று ஒரு சத்தம். கேரியர் வெல்டிங் விட்டு, பெட்டி பின்னால் சாய்ந்து, டெயில் லேம்ப்பை உடைத்து, நம்பர் பிளேட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. திறந்து பார்த்தால் பலாப்பழம் பிளந்து, தேன் பாட்டில் உடைந்து, டூல்ஸ் எல்லாம் அதில் ஊறிக் கிடந்தன. ரோட்டோரத்தில் நின்ற ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பஞ்சாமிர்தமா தம்பி?" என்றார்.

குட்டியானை பிடித்துக் காரைக்குடி வந்து சேர்ந்தேன். சீட்டையும் கேரியரையும் தாங்கும் பின்சட்டமான சப்ஃபிரேமின் வால் பகுதி வளைந்திருந்தது. அதை நிமிர்த்த, டெயில் லேம்ப் மாற்ற, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய். பெட்டி தனி நஷ்டம். இத்தனைக்கும் வாங்கும்போது மூடியின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருந்தது: அதிகபட்சம் 10 கிலோ. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று முதல் நாளே நகத்தால் சுரண்டி உரித்தேன். என்னை எரிய வைப்பது அந்த 11,000 இல்லை, இந்த ஸ்டிக்கர்தான்.

என்ன நடந்தது என்பது எளிய கணக்கு. என் ஹிமாலயனில் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே சுமார் 146 செ.மீ. பெட்டியின் நடுப்பகுதி பின் சக்கர அச்சுக்கு இரண்டு சாண் பின்னால், அதாவது சுமார் 45 செ.மீ. பெட்டியும் சாமானும் சேர்த்து அன்றைக்கு 20 கிலோ. பிள்ளைகள் ஆடும் சீசா பலகை மாதிரிதான்: பின்னால் அமுக்கினால் முன்னால் எழும். 20-ஐ 45-ஆல் பெருக்கி 146-ஆல் வகுத்தால் ஆறு கிலோ சொச்சம் வரும். அந்த ஆறு கிலோ முன் சக்கரத்திலிருந்து போய்விடுகிறது. பின் சக்கரம் சுமப்பது 20 அல்ல, 26. முன் சக்கரம் லேசானால் வளைவில் பிடிப்பு குறையும், வேகத்தில் பின்பக்கம் ஆடும். அதுவும் சீட்டுக்கு மேலே உயரத்தில் இருக்கிற எடை என்றால் ஆட்டம் இன்னும் கூடும். இதே எடையைச் சீட்டுக்குக் கீழே, அச்சுக்கு முன்னால், பக்கவாட்டில் வைத்திருந்தால் வண்டி இவ்வளவு கோபித்துக்கொண்டிருக்காது.

கேரியர் விஷயம் வேறு. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் 20 கிலோ என்பது 20 கிலோ. குழியில் விழுந்து எழும்போது அதுவே இரண்டு மூன்று மடங்காகி இழுக்கும். ஒரு அடியில் உடையாது. வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும், ஒவ்வொரு குழிக்கும் கொஞ்சம் வளரும். பெயின்ட் மேலே மூடியிருப்பதால் தெரியாது. ஆனால் ஒரு அடையாளம் காட்டிக்கொடுக்கும்: வெல்டிங்கை ஒட்டி, நூல் பிடித்த மாதிரி செம்பழுப்பில் ஒரு துருக்கோடு. விரிசலுக்குள் தண்ணீர் போய் வெளியே கசிந்த துரு அது. வண்டி கழுவும்போது விரலால் தடவிப் பாருங்கள். அந்தக் கோடு இருந்தால் அந்தக் கேரியரோடு ஊர் தாண்டாதீர்கள்.

எனவே பெட்டி வாங்கும் முன் மூன்று எண்களைப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எடை, கேரியர் தாங்கும் எடை, வண்டியின் கையேட்டில் உள்ள மொத்த எடை வரம்பு. கடைசி எண்ணிலிருந்து வண்டியின் எடையையும், உங்கள் எடையையும், பின்னால் உட்காருபவர் எடையையும் கழித்தால் மிச்சம்தான் சாமானுக்கு. மூன்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் வரம்பு. டாப் பாக்ஸில் மழைக்கோட்டு, ஜாக்கெட், முறுக்கு. டூல்ஸ், தண்ணீர், தேன், கல் எல்லாம் கீழே. லோடு ஏற்றினால் கையேட்டில் இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கும் அளவுக்குப் பின் டயரில் காற்று, பின்பக்க ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு படி இறுக்கம். இறுக்காமல் விட்டால் பின்பக்கம் தாழ்ந்து, ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

சாவி

டூப்ளிகேட் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டாதீர்கள். சிரிக்காதீர்கள், நடக்கிறது.

பெட்டியா பையா என்பதைக் கடையில் முடிவு செய்வது

அதைச் சொல்ல வேண்டியது நீங்கள் போகும் ரோடு. கானாடுகாத்தானில் வீடு பார்க்க இறங்குகிறீர்கள், பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிடுகிறீர்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் தொலைகிறீர்கள். வண்டி தனியாக நிற்கும். இதற்குப் பூட்டு உள்ள பெட்டிதான் சரி. துணிப்பையை வைத்துவிட்டுப் போனால் பாதி மனசு வண்டியிலேயே இருக்கும்.

மலை, மண் ரோடு, மணல் என்றால் பை. மணலில் வண்டி மெதுவாகச் சாய்ந்து விழுவது சகஜம். அப்போது அலுமினிய சைடு பாக்ஸுக்கும் தரைக்கும் நடுவே கணுக்கால் மாட்டினால் எலும்பு போய்விடும். துணிப்பை நசுங்கி இடம் கொடுக்கும். எடையும் ஒரு காரணம். இரண்டு அலுமினியப் பெட்டியும் அதன் கம்பிச் சட்டமும் சேர்ந்து காலியாகவே பதினைந்து கிலோ வந்துவிடும். அதே கொள்ளளவுள்ள துணிப்பை ஜோடி ஐந்து கிலோவுக்குள் அடங்கும்.

என் ஏற்பாடு இரண்டும் கலந்தது. பக்கவாட்டில் துணிப்பை ஜோடி. ஊருக்குள் ஓட்டவும் ஹெல்மெட் வைக்கவும் 30 லிட்டரில் சின்ன பிளாஸ்டிக் டாப் பாக்ஸ். மலைக்குப் போகும்போது அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவேன்.

சைலன்சர் பக்கத்துப் பை

பழைய ஹிமாலயனில் சைலன்சர் வலதுபுறம் மேல்நோக்கி ஏறியிருக்கும். காலிப் பையை மாட்டிப் பார்த்தால் நாலு விரல் இடைவெளி தெரியும். சாமான் நிரம்பி, குழியில் அமுங்கும்போது அது ஒரு விரல்கூட இருக்காது. தேவகோட்டை தாண்டியபோது ஏதோ வயல்காட்டில் எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். எரிந்தது என் பையின் அடிப்பக்கம். சைலன்சர் கவசமும், பையை வெளியே தள்ளி நிறுத்தும் கம்பியும் இல்லாமல் துணிப்பை மாட்டாதீர்கள். தொங்கும் பட்டை நுனிகளைச் சுருட்டிச் செருகுங்கள். அது செயினில் மாட்டினால் பின் சக்கரம் அங்கேயே நின்றுவிடும்.

'வாட்டர்ப்ரூஃப்' என்ற சொல்லை நம்புவது

ஐப்பசி மழையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். பைக்கு மேலே போடும் மழை உறை காற்றில் பலூனாகும். அதற்கும் முன்னால், அடியில் தேங்கும் தண்ணீரைத் தொட்டியாகப் பிடித்து வைக்கும். வாயைச் சுருட்டி மூடும் பைதான் உண்மையில் தாங்கும், அதுவும் குறைந்தது மூன்று மடிப்பு மடித்தால். பை புடைக்க நிரப்பி ஒரே மடிப்பில் கொக்கி போட்டால் பிரயோஜனம் இல்லை. ஜிப் வைத்த பைக்கு எங்கள் ஊர்ச் செம்மண் புழுதியே போதும். ஒரு கோடைக்குள் ஜிப் பல்லைக் கடித்துக்கொண்டு நகராது.

தண்ணீர் உள்ளே வராத பை, தண்ணீரை வெளியேயும் விடாது. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈர வேட்டியை அதில் திணித்து மறுநாள் திறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

பெயின்ட் பூசாத அலுமினியப் பெட்டி என்றால் உள்ளே ஒரு துணிப்பை கட்டாயம். ஓட ஓடத் துணி உரசி, அலுமினியம் கரும்பொடியாக ஒட்டும். குன்றக்குடிக்கு எடுத்துப்போன வெள்ளை வேட்டி, மடிப்பு மடிப்பாகப் பென்சிலால் கோடு போட்ட மாதிரி வந்தது. துவைத்தும் போகவில்லை.

அகலம்

ஹேண்டில் நுழைந்தால் வண்டி நுழைந்துவிடும் என்ற பழக்கம் சைடு பாக்ஸோடு செல்லாது. பாம்பன் பாலத்தில் பக்கக்காற்று பெட்டியை ஒரு சுவர் மாதிரி பிடித்துத் தள்ளும். அங்கே மெதுவாகப் போங்கள்.

எலாஸ்டிக் கயிறு

கொக்கி விட்டால் கண்ணுக்குத்தான் வரும். கொக்கி இல்லாத, இறுக்கிப் பூட்டும் பட்டை வாங்குங்கள். அரை மணி ஓட்டிய பிறகு நிறுத்தி ஒருமுறை இழுத்துப் பாருங்கள், சாமான் அமுங்கிப் பட்டை தளர்ந்திருக்கும்.

சேலைக் கம்பியைக் கழற்றி எறிவது

சைடு பாக்ஸ் சட்டம் மாட்டுகிறேன் என்று சிலர் இடதுபக்கச் சேலைக் கம்பியைக் கழற்றிவிடுகிறார்கள். பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. வீட்டில் சேலை கட்டிக்கொண்டு பின்னால் உட்காருகிறவர்கள் இருந்தால் விதி எண்ணெல்லாம் தேவையில்லை.

டெயில் லேம்ப்பை மறைக்கும் பை

இருட்டில் பின்னால் வருகிற லாரிக்கு உங்கள் பை தெரியாது.

ஆத்தங்குடித் தம்பியிடம் இவ்வளவும் சொல்லவில்லை, கேரியர் கதையை மட்டும் சொன்னேன். குனிந்து அவருடைய கேரியரின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். துருக்கோடு இல்லை. ஆனாலும் பெட்டியைத் திறந்து கற்களை வெளியே எடுத்தார். நான்கைத் துண்டில் சுற்றி இரண்டு பக்கப் பைகளிலும் இரண்டிரண்டாக வைத்தார். மீதி ஆறை பார்சல் சர்வீஸில் போட்டுவிடுவதாகச் சொன்னார். கிளம்பும்போது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டார், "அந்தப் பலாப்பழம் என்னாச்சுங்ணா?"

அப்பத்தா அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து, கிரீஸ் படாத சுளைகளை ஒரு தூக்கில் பொறுக்கி எடுத்துவிட்டார். கொட்டையை வீணாக்கவில்லை. மறுநாள் கத்தரிக்காயோடு போட்டுக் குழம்பு வைத்தார்.