டெலிவரி வேலையைப் பற்றி இணையத்தில் வாதிடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவு டெலிவரி, டாக்ஸி ஆப் வேலைகளைப் பற்றி இணையத்தில் எழுதப் புதிதாக வருகிறவர்கள் நியாயமான கோரிக்கையோடுதான் வருகிறார்கள். ஆனால் ஒரு சொல்லில் சறுக்கிவிடுகிறார்கள். எங்கள் காலத்திலும் இதே இடத்தில்தான் சறுக்கினோம். கெட்ட வார்த்தை பேசாதே, ஆதாரம் கொடு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

எதிர்த்தரப்பின் சொல்லை வாங்கிப் பேசுவது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இது. மழையில் வண்டி சறுக்கிக் கை முறிந்த ஒருவருக்காக ஒரு தம்பி எழுதினார்: "டெலிவரி பார்ட்னர்களுக்கு விபத்துக் காப்பீடு கொடுங்கள்." முதல் பதிலே இப்படி வந்தது: "பார்ட்னர்னா லாபத்திலும் பங்கு, நஷ்டத்திலும் பங்கு. கம்பெனி ஏன் கொடுக்கணும்?" அப்புறம் கூட்டு வியாபாரம், ரிஸ்க், சொந்த வண்டி என்று பேச்சு எங்கெங்கோ போனது. முறிந்த கையைப் பற்றி யாருமே பேசவில்லை.

பார்ட்னர் என்பது நிறுவனங்கள் தங்களுக்குத் தோதாக வைத்த பெயர். அதையே நாமும் எழுதினால், அவர் கூலிக்கு உழைக்கிறவர் அல்ல என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். ஆர்டர் திரையில் வந்து விழும், சில நொடிகளுக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு காசு என்பது அங்கே முடிவாகி வந்திருக்கும். அடிக்கடி மறுத்தால் இன்சென்டிவ் போகும். வாடிக்கையாளர் தரும் ஸ்டார் குறைந்தால், ஆப்பில் வேலை பார்க்கும் ஐடியே போகும். இதில் பங்குதாரர் எங்கே இருக்கிறார்?

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் வழக்கில் இதைத்தான் பார்த்தது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதிலிருந்து தொடங்கக் கூடாது என்றது. கட்டணத்தை யார் வைக்கிறார்கள், சவாரியை மறுத்தால் என்ன ஆகிறது, ரேட்டிங் யார் கையில் இருக்கிறது என்று ஆராய்ந்தது. ஓட்டுநர்கள் தொழிலாளர்களே, குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்தோடு விடுப்பும் அவர்களுக்கு உண்டு என்று தீர்ப்பு வந்தது.

சரி, அதற்காக உடனே "ஊழியர்" என்று எழுதிவிடாதீர்கள். நம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020, வழக்கமான முதலாளி-ஊழியர் உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிப்பவரைத்தான் கிக் (gig) தொழிலாளர் என்கிறது. சட்டம் தெரிந்த ஒருவர் அதை எடுத்துக் காட்டினால் உங்களால் பதில் சொல்ல முடியாது. "தொழிலாளி" என்று எழுதுங்கள். அது உண்மையும்கூட, சட்டத்திலும் நிற்கும். தமிழ்நாட்டில் 2023 சுதந்திர தின உரையில் முதல்வர் அறிவித்ததும் கிக் தொழிலாளர்களுக்கான நலவாரியம்தான். தவிர, அதே 2020 சட்டம், இந்த நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை சமூகப் பாதுகாப்புக்குத் தர வேண்டும் என்கிறது. அந்தத் தொகை, நிறுவனம் இந்தத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாது. அந்தத் தம்பி எடுத்துப் போட்டிருக்க வேண்டியது இந்தச் சட்டப் பிரிவைத்தான்.

"நவீன அடிமைகள்"

அடிமை என்று சொல்லலாமா கூடாதா என்பதே அன்றைய விவாதமாகிவிடும்.

"பாவம்"

டெலிவரி செய்கிறவரைப் பாவம் என்று எழுதினால், "நான் டிப்ஸ் கொடுக்கிறேனே" என்று பதில் வரும். காப்பீடு கேட்டது அப்படியே கிடக்கும்.

"ஆப் முடக்கிவிட்டது"

எத்தனை ஸ்டாருக்குக் கீழே போனால் ஐடியை நிறுத்துவது என்ற விதியை நிறுவனத்தில் யாரோ உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள். "அல்காரிதம் பழிவாங்கிவிட்டது" என்று எழுதினால் கேள்வி கேட்க எதிரே ஆளே இருக்காது. "நிறுவனம் காரணம் சொல்லாமல் ஐடியை நிறுத்தியது" என்று எழுதுங்கள். கர்நாடகம் 2025-இல் கொண்டுவந்த கிக் தொழிலாளர் சட்டப்படி, ஒருவரை வேலையிலிருந்து நீக்க நிறுவனம் எழுத்தில் காரணம் சொல்லி 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். நிறுத்தியது நிறுவனம் என்று எழுதியவர்தான் இந்தச் சட்டத்தைக் காட்டி, "அந்தக் கடிதம் எங்கே?" என்று கேட்க முடியும்.